இருபத்திரண்டு சுண்டெலிகளின் படம்

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதை நினைவூட்ட யாரும் இல்லை. ஆண்டு நிறைந்த அன்று காலை என் மேசையில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடத்து அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் மட்டும்தான்.

ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "மெடிக்கல் ரிசர்ச்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேலும் கேட்டால், மூளையைப் படம் பிடிக்கிறோம் என்பேன். யாருடைய மூளை என்று கேட்டவர்கள் குறைவு. சுண்டெலிகளின் மூளை.

வேலை இதுதான். சுண்டெலிக்கு மயக்க வாயு கொடுத்து, அதன் உடம்புக்கு அளவான ஒரு தொட்டிலில் படுக்கவைத்து, ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் தள்ளுவோம். பின்னங்கால் பாதத்தின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் உலோகத் தகடு. அதைக் கணினி சூடாக்கும். முதலில் வெதுவெதுப்பு. பிறகு காபி டம்ளரின் சூடு. பிறகு, தொட்டால் விரல் தானாகவே விலகும் சூடு. ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான், தோல் கொப்பளிக்காது. அந்த விநாடிகளில் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று இயந்திரம் பார்க்கும். அந்த இடங்களுக்கு நாங்கள் சிவப்பும் மஞ்சளும் பூசுவோம். நரம்பு பழுதான எலிகளுக்கு இளஞ்சூடே கொதிசூடாகத் தெரிவது ஏன் என்பது எங்கள் கேள்வி. பதில் கிடைத்தால் மனிதர்களுக்கு மருந்து கிடைக்கும்.

கட்டுரையில் "வலி" என்று எழுதக் கூடாது. மயங்கிக் கிடக்கும் எலிக்கு வலித்ததா என்பது யாருக்கும் தெரியாது. "சூட்டுத் தூண்டலுக்கு மூளையின் எதிர்வினை" என்றுதான் எழுத வேண்டும். அரசாங்கப் படிவத்திலும் வலி என்ற சொல் வராது. இந்தச் சோதனையால் விலங்குக்கு ஏற்படும் சுமை எவ்வளவு என்று கேட்பார்கள். இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது. ஒரு கட்டத்தில் குறியிட்டு, ஏன் அந்தக் கட்டம் என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். முந்தைய முறைகளில் அதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். இந்த முறை மூன்று நாட்கள் படிவம் அப்படியே கிடந்தது. சென்ற ஆண்டு தாம்பரத்தில் நடந்ததுதான் காரணம்.

2

வந்த முதல் கோடையில் ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டி பழுதானது. எங்கள் தொழில்நுட்ப உதவியாளரான மூத்த பெண்மணியிடம், "நான் சூடாக இருக்கிறேன்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவர் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மொழியில் அதற்கு அர்த்தம் வேறு. ஆண் பெண்ணிடம் சொல்லக்கூடாத அர்த்தம். "எனக்குச் சூடாக இருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம். எனக்குச் சுடுகிறது, எனக்கு வலிக்கிறது. வலி நான் செய்வதில்லை, எனக்கு நேர்வது. இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி யோசிக்கும்போது, நடுவில் ஆங்கிலத்தில் யோசித்துக் கெடுத்துக்கொண்டது நான்தான்.

என் மகள் ஆயிஷாவுக்குப் பதினான்கு வயது. இங்கேயே வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசத் தயங்குவாள். ஒருமுறை கதவில் விரல் நசுங்கியபோது "அத்தா, நான் வலிக்கிறேன்" என்று ஓடிவந்தாள். படகுதான் வலிப்பார்கள் என்று திருத்தினேன். அதன் பிறகு வலித்தால் ஜெர்மனில்தான் சொல்கிறாள். இரண்டு ஆண்டுகளாக இறைச்சி சாப்பிடுவதில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

3

என் அக்கா ஜெரினா சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கிழக்குத் தாம்பரம். அவள் கணவர் யூசுப் மச்சானுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் அலுமினிய ஜன்னலும் கண்ணாடித் தடுப்பும் செய்யும் கடை. மேடவாக்கம் பக்கம் புது அபார்ட்மென்ட்கள் எழும்பிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. டேப்பை இரண்டு முறை வைத்து அளக்காமல் கண்ணாடியில் கை வைக்க மாட்டார்.

போன வருஷம் தொடக்கத்தில் அக்காவுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. ஒரு மாதத்தில் புண் ஆறியது. எரிச்சல் ஆறவில்லை. தழும்பு மங்கி, தோல் பழைய நிறத்துக்கு வந்த பிறகும் அங்கே துணி பட்டால் துடித்தாள்.

"ஃபேன் காத்துகூட தாங்கலடா நசீர்" என்பாள் போனில். "காத்து பட்டா தீக்குச்சி கிழிச்ச மாதிரி இருக்கு."

சித்திரை வெயிலில் தாம்பரத்தில் ஃபேன் இல்லாமல் ஒரு வீடு எப்படி இருக்கும்? மச்சான் போடுவார், அக்கா அணைப்பாள். அதிலேயே சண்டை. இதயமாக இருக்குமோ என்று ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பிறகு முதுகுக்கும் தலைக்கும் ஸ்கேன். எல்லாவற்றிலும் நார்மல். "நரம்புதான், போகப் போகச் சரியாயிடும்" என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் வகுப்பறையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையை நிறுத்தினாள். பள்ளியில் நீண்ட விடுப்புக் கேட்டதற்கு, நார்மல் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டு லீவ் கேட்டால் எப்படி என்றார்கள். மச்சானும் அதையேதான் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? என் தொழிலில் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "பத்துக்கு எத்தனைன்னு சொல்லுவே, அக்கா?"

"ஒம்போது."

"சரி" என்றேன்.

ஒருநாள் அவளே கேட்டாள். "நீ எலிக்கு வலிக்கிறதெல்லாம் போட்டோ புடிக்கிறியாமே. எனக்கும் ஒண்ணு புடிச்சு உன் மச்சான்கிட்ட காட்டேன்டா."

ஒரு ஆளின் வலியை அப்படிப் படம் எடுத்து நிரூபிக்க முடியாது என்று விளக்கினேன். எங்கள் படத்தில் தெரிவதுகூட ஒரு எலி இல்லை. இருபத்திரண்டு எலிகளின் சராசரி. ஒரே ஒரு எலியின் படத்தைக் கொடுத்து இதற்கு வலித்ததா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

"சரி, அந்தப் படத்தையாவது அனுப்பு. எப்டி இருக்குன்னு பாக்குறேன்."

அனுப்பினேன். சாம்பல் நிற மூளை, நடுவில் சிவப்பும் மஞ்சளும். நீல நிற இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

4

ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். என் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாமா என்று மச்சான் ஆயிஷாவிடம் கேட்டார். கூண்டுகளைப் பார்க்கப் பிடிக்காது என்று அவள் சொன்னதை நான் நாசூக்காக மொழிபெயர்த்தேன்.

வீட்டில் ஏதோ மாறியிருந்தது. ஹாலில் ஃபேன் ஒன்றாம் எண்ணில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டது அவர். மார்க்கெட் போனதும் அவர். அக்காவை "நீ உக்காரு, நீ உக்காரு" என்றார். இருபது வருஷத்தில் நான் கேட்டிராத வார்த்தை.

மத்தியானம் சாப்பிட்டதும் பீரோவிலிருந்து அக்காவின் மெடிக்கல் ஃபைலை எடுத்துவந்தார்.

"நீ அனுப்பின ஸ்கேன பாத்தப்புறம்தான் மாப்ள எனக்கே வெளங்கிச்சு. இங்க எட்த்த டாக்டருங்கோ ஒண்ணுமில்லன்னுட்டானுங்கோ. உன் மெஷின்ல போட்டப்புறம் பாரு, எப்டி எரியுது!"

ஃபைலின் முதல் பக்கத்தில், லேமினேஷன் போட்டு, என் இருபத்திரண்டு சுண்டெலிகள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

5

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், ஹாலுக்குக் கேட்காமல் இருக்க.

"இங்க எடுத்த ஸ்கேன உனக்கு அனுப்பினேன், நீ உன் மெஷின்ல போட்டு பாத்தேன்னு அவர்கிட்ட சொன்னேன். அவ்ளோதான்."

"அக்கா, அது பொய்."

"பொய்தான். இல்லன்னு சொன்னேனா?"

"அது எலியோட மூளை. விஷயம் தெரிஞ்சவங்க பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க."

"ஆறு மாசம் வாயால சொன்னேன் நசீர். ஒருத்தர் நம்பல. எலி ஒரு வார்த்தை பேசல, எல்லாரும் நம்பறீங்க." குழாயை மூடினாள். துப்பட்டா இடது விலாவில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். பேசும்போதும் அந்த விரல்கள் இறங்கவில்லை. "சொல்லணும்னா போய் சொல்லு. ஃபேன அஞ்சுல வெப்பாரு. வேற ஒண்ணும் ஆகாது."

நான் சொல்லவில்லை. என் தொழிலில் இதற்குப் பெயர் மோசடி. ஒரு ஆய்வாளர் இப்படி ஒரு படத்தை இடம் மாற்றி வைத்தால் அவர் வேலை போய்விடும். அப்படி ஒரு விசாரணைக் குழுவில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான்கு நாட்கள் அந்த வீட்டில் மச்சான் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குக் கீழே பேசாமல் இருந்தேன்.

6

ஐந்தாம் நாள் மச்சான் அக்காவை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். தாம்பரத்தில் வலிக்கென்றே பார்க்கும் ஒரு டாக்டர் இருப்பதாக அவர் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். நானும் வரவேண்டும் என்றார். "நீ வந்தாதான் மாப்ள அந்தப் படத்த கரெக்டா எடுத்து சொல்லுவே."

ஆயிஷா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அந்தக் கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நான் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் மச்சான் அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்துகொடுத்துக்கொண்டிருந்தார், அல்லது அவள் பக்கத்தில் யாரும் இடிக்காமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. மச்சான் ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தை அவர் முன் தள்ளினார்.

"இவரு ஜெர்மனில கீறாரு டாக்டர். இவருதான் எட்த்தாரு, அவங்க மெஷின்ல."

டாக்டர் படத்தைப் பார்த்தார். மனித மூளை மடிப்பு மடிப்பாக இருக்கும். சுண்டெலியின் மூளை வழவழவென்று, தோல் உரித்த வேர்க்கடலை போல இருக்கும். அவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், இது..." என்று நிறுத்தினார்.

நானே சொல்லட்டும் என்று விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"எலியோடது" என்றேன். "சுண்டெலி. எங்க அக்காவோடது இல்ல."

"இன்னாது?" என்றார் மச்சான்.

அக்கா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படத்தை உருவி, கவிழ்த்து வைத்தார்.

"சரி, அது கெடக்கட்டும். நாம பேஷண்ட்ட பாக்கலாம். வாங்கம்மா, இப்படி படுங்க." பிறகு மச்சானிடம், "நீங்களும் உள்ள வாங்க" என்றார்.

பச்சைத் திரையை இழுத்தார்கள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன்.

"பயப்படாதீங்கம்மா, வெறும் பஞ்சுதான். இந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரிதான் இருக்கு டாக்டர்."

"சரி. இப்ப இந்தப் பக்கம்."

கூச்சல் எதுவும் இல்லை. பல்லிடுக்கில் மூச்சு உள்ளே இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கணம் கட்டிலின் இரும்புக் கால் தரையில் உரசியது. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் "யா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை. அது அக்காவின் குரல் இல்லை. மச்சானுடையது.

பன்னிரண்டு ஆண்டுகளாக இதைத்தான் படம் பிடிக்கிறேன். இதற்கு ஒரு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. என் எலிகள் மயக்கத்தில் இருக்கும்.

டாக்டர் புது மருந்து எழுதினார். மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும். விலாவில் ஒட்டிக்கொள்ள மரத்துப்போகச் செய்யும் மருந்துப் பட்டையும் கொடுத்தார். "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். குறையும். நிறைய பேருக்குக் குறைஞ்சிருக்கு." பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார், கேட்காமலே.

7

எங்களை வாசலில் இறக்கிவிட்டு மச்சான் கடைக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மறுநாளும் அப்படியே. ஆனால் ஃபேனின் எண்ணை யாரும் கூட்டவில்லை.

மூன்றாம் நாள் நானே ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனேன். கடையில் அவர் மட்டும் இருந்தார். அலுமினியச் சட்டம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தவர், நான் வந்ததைப் பார்த்தும் அறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அந்தப் படத்த கடைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டிகினு இருந்தேன் மாப்ள. என் மச்சினன் ஜெர்மனில எட்த்ததுன்னு. மானமே போச்சு."

"தப்புதான் மச்சான். வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் அவள அந்த டாக்டராண்ட இட்டுகினு போயிருப்பேனா?"

நான் கீழே கிடந்த அலுமினியத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அதான் பேஜாரு" என்றார். சட்டத்தின் முனையை விரலால் தடவி, பிசிறை அரத்தால் தேய்த்தார். "உன் மேல கோவமா, அவ மேல கோவமான்னு ரெண்டு நாளா யோசிச்சிகினு கீறேன். அவ ஆறு மாசம் என்னாண்ட சொன்னா. பக்கத்துல படுத்துகினு சொன்னா. நான் நம்பல. ஒரு எலிய நம்பினேன். இத்த நான் யாராண்ட போய் சொல்றது?"

எனக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"மச்சான், அக்காகிட்ட பத்துக்கு எத்தனைன்னு போன்ல கேட்டேன். ஒம்போதுன்னா. அவ எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்னு நான் மனசுக்குள்ள அஞ்சுன்னு போட்டுக்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "படிச்ச நீயுமா?"

"நானும்தான்."

சட்டத்தின் மறுமுனையையும் அரத்தால் தேய்த்து முடித்தார். பிறகு எதிர்க்கடைக்குக் கையைக் காட்டி, "ரெண்டு டீ" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் அக்காவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மாடியில் பேசினார்கள். இறங்கி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. "தூங்கிட்டியா சாப்டியா" என்று, முழித்து நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் டீச்சர், தப்பான கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

8

எங்களை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். காலை நேர ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல். மருந்து தொடங்கி இரண்டு வாரம். ஒன்பது என்றவள் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பின்சீட்டில், சீட் பெல்ட்டை விலாவிலிருந்து தள்ளிப் பிடித்தபடி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் மச்சான் "வருது" என்று சொன்னார்.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"அந்த எலிங்கள, படம் எடுத்தப்புறம் என்னடா பண்ணுவீங்க?"

"கொன்னுடுவோம்க்கா."

அவள் தலையை ஆட்டினாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் ஆயிஷாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் உள்ளே போனோம்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது ஆயிஷா தமிழில் பேசினாள். அவளாக ஆரம்பித்துத் தமிழில் பேசியது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

"எனக்கு ஒம்பது வயசுல நானும் இதைக் கேட்டேன். நீங்க தூங்கிடும்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஜெரினா மாமிக்கு மட்டும் ஏன் உண்மை?"

"அவங்க கேட்டாங்க."

"நானும் கேட்டேன், அத்தா."

வரிசை நகர்ந்தது. பெல்ட்டையும் ஷூவையும் தட்டில் வைத்தோம். மறுபக்கம் போய் அவற்றைப் போட்டுக்கொண்டோம்.

விமானம் ஏறிய பிறகு சொன்னேன். மயக்க வாயுவிலிருந்து தொடங்கி, தகட்டின் சூடு, அந்தச் சில விநாடிகள், நரம்பைப் பழுதாக்குவது எப்படி, கடைசியில் என்ன செய்கிறோம், யார் கையால் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். ஜெர்மனில் எனக்கு அதற்கெல்லாம் படிவத்தில் வரும் சொற்கள் மட்டுமே தெரியும். புரியாத இடங்களில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். மாமிக்குக் கொடுத்த மருந்தும் இப்படி எலிகளிடம் பார்த்துத்தான் வந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, தள்ளியதாகவும் தெரியவில்லை.

"உங்க கையால எத்தனை?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கொஞ்சம் யோசித்து, ஆண்டுவாரியாகக் கூட்டி, ஒரு எண்ணைச் சொன்னேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மடியில் கிடந்த ஹெட்போனை எடுத்தாள். அதைக் காதில் மாட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வயரைச் சுற்றி முன்சீட்டுப் பையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"முதல் எலிய சொல்லுங்க" என்றாள்.